நூல் பூவுக்கு ஒரு கரண்டி கஞ்சி

"அக்கா, பின்னி முடிச்சிட்டேன். ஆனா படத்துல இருக்கிற மாதிரி வரல. சுருண்டு சுருண்டு நிக்குது."

குரோஷே பழகும் பெண்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அவர்கள் கைத்தொலைபேசியில் அனுப்பும் படத்தைப் பார்த்தால், பின்னலில் பெரிய குறை ஒன்றும் இருக்காது. எண்ணிக்கை சரி, இதழ்கள் சரி, ஓரமும் சரி. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

நூலில் பின்னும் டோய்லிக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி ஊசியில் நடக்கிறது. இரண்டாவது பாதி தண்ணீரிலும் குண்டூசியிலும் கஞ்சியிலும் நடக்கிறது. காணொளிகள் முதல் பாதியை மணிக்கணக்கில் காட்டிவிட்டு, இரண்டாவது பாதியை அரை நிமிடத்தில் ஓட்டிவிடுகின்றன. அதனால் இந்த வாரம் பின்னும் முறை எழுதப்போவதில்லை. முடிக்கும் முறையைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில், பின்னல் சரிதானா?

கஞ்சி எல்லாக் குறையையும் மறைத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். வட்டம் தட்டையாக விழ ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க முறையில் 'டபுள் குரோஷே' என்று சொல்லும் பின்னலின் உயரம், அதன் அகலத்தைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு. ஒரு சுற்று பின்னினால் வட்டத்தின் ஆரம் 2 அகலம் கூடுகிறது. ஆரம் 2 கூடினால் சுற்றளவு 2 × 2 × 3.14, அதாவது சுமார் 12½ கூடவேண்டும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் 12 பின்னல் கூட்டச் சொல்கிறார்கள். 12, 24, 36, 48 என்று போகும். உயரம் குறைந்த 'சிங்கிள் குரோஷே'க்கு 6 போதும்.

குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணம்போல் குழியும். அதிகமாகக் கூட்டினால் சேலைக் கொசுவம்போல் மடிப்பு விழும். இந்தக் கொசுவத்தை வைத்தே கணிதம் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா தைமினா, 1997-இல் வேண்டுமென்றே பின்னல்களை அதிகமாகக் கூட்டி, காகிதத்தில் காட்டக் கடினமான வளைந்த வடிவியலைக் குரோஷேயில் செய்து மாணவர் கையில் கொடுத்தார். அவருக்கு அது பாடம். நமக்கு மேசையில் விரிக்கத்தான் உதவாது.

சோதனை எளிது. பின்னலை நனைத்து மேசையில் போடுங்கள். உள்ளங்கையால் மெதுவாகத் தடவும்போது தட்டையாகிறதா? அப்படியானால் குண்டூசியும் கஞ்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஓரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மடிகிறதா? அப்படியானால் அந்தச் சுற்றுவரை பிரித்துவிடுங்கள். கஞ்சிக்குப் பிறகு பிரிக்க முயன்றால் நூலும் போகும், பொறுமையும் போகும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கான்வென்டில் பிரிட்டிஷ் முறையில் பழகிய அம்மாக்கள் 'டபுள் குரோஷே' என்று சொல்வதை, யூடியூப்பில் பழகும் மகள்கள் 'சிங்கிள் குரோஷே' என்கிறார்கள். இரண்டும் ஒரே பின்னல்தான். அம்மாவின் 'ட்ரெபிள்' மகளுக்கு 'டபுள்'. ஒரு படி ஏற்றிப் படித்தால் போதும். செய்முறையில் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று தெரிந்துகொள்ளலாம். அம்மா தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று பழைய நோட்டுப்புத்தகத்தை ஓரம் கட்டிவிடாதீர்கள்.

பிஸ்கட் டின்னில் கிடந்தவை

என் பெரியம்மா பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். காலையில் பால் மரத்துக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, மாலையில் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவார். தொலைக்காட்சிப் பெட்டிமேல் ஒன்று, வானொலிமேல் ஒன்று, சாமிப் படத்துக்குக் கீழே ஒன்று. அன்னாசிப்பழ வடிவம் அவருக்குக் கைவந்தது. எழுதிவைத்த கணக்கு எதுவும் கிடையாது, எல்லாம் விரலில் இருந்தது.

அவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது, சேலைகளுக்கு ஆள் இருந்தது. பாத்திரங்களுக்கு ஆள் இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்த பழுப்பு நிற நூல் சுருணைகளுக்கு மட்டும் ஆள் இல்லை. "பழைய துணி, குப்பையில போட்டுடலாம்" என்றார் ஓர் அண்ணன். மொத்தம் 11 டோய்லிகள். ஒவ்வொன்றும் கைக்குட்டையைக் கசக்கிப் போட்டதுபோல் இருந்தது. நான் டின்னோடு எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஊறவைத்து, அலசி, குண்டூசி குத்தி, கஞ்சி போட்டுக் காயவைத்தேன். உருண்டை உருண்டையாகக் கிடந்ததெல்லாம் வட்டமாகி, அன்னாசிப்பழங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. ஒன்றில் மட்டும் இரண்டு இழை அறுந்திருந்தது. படம் எடுத்து குடும்பக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்த அண்ணனிடமிருந்தே முதல் செய்தி வந்தது: "எனக்கு ஒன்னு வை." இப்போது 11-உம் 11 வீட்டில் இருக்கின்றன. அறுந்தது என்னிடம்.

அந்த டின்னுக்கு நான் செய்த வேலையைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகப் பின்னியதற்கும் இதே முறைதான். ஊறவைக்கும் நேரம்தான் குறையும்.

1. நுனியை மறைத்தல், அலசுதல்

கடைசி நூலை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். ஒரு சாண் விட்டு வெட்டி, மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, பின்னலின் பின்பக்கமாக ஓரங்குலம் போய், திரும்பி எதிர்த்திசையில் ஓரங்குலம் வரவேண்டும். முடிச்சு மட்டும் போட்டால் ஈரத்தில் இழுக்கும்போது அவிழ்ந்துவிடும்.

கை வியர்வையும் எண்ணெயும் பின்னும்போதே நூலில் ஏறியிருக்கும். கஞ்சி போட்டால் அந்த அழுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புக் கரைத்து ஊறவைத்து, அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியக்கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும்.

பழுப்பேறிய பழைய பின்னலுக்குக் குளோரின் வெளுப்பான் வேண்டாம். அது பருத்தி இழையை வலுவிழக்கச் செய்யும். ஆக்ஸிஜன் வகை வெளுப்புத் தூளைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைப்பது பாதுகாப்பானது. துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் சிறிது நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். வண்ண நூலாக இருந்தால் இவை எதையும் செய்யுமுன் ஓர் ஓரத்தில் மட்டும் நனைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

2. பலகையும் வட்டமும்

குழந்தைகள் விளையாடும் நுரைப்பாய், பாலிஸ்டைரின் பலகை, தக்கைப் பலகை எதுவும் ஆகும். ஒரு வெள்ளைத் தாளில் டோய்லியின் அளவுக்கு வட்டம் வரையுங்கள். பாகைமானியை எடுத்து, இதழ்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 360-ஐ வகுங்கள். 8 இதழுக்கு 45 பாகை, 12 இதழுக்கு 30, 16 இதழுக்கு 22½. பிள்ளைகள் பள்ளிப் பையில் வைத்திருக்கும் வடிவியல் பெட்டி இங்கே உதவும். தாளைப் பென்சிலால் வரையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி வெள்ளை நூலில் ஏறிவிடும். தாளைப் பலகையில் வைத்து, மேலே தெளிவான பிளாஸ்டிக்கை இறுக்கமாகப் போர்த்துங்கள். அப்போது கஞ்சி தாளில் ஒட்டாது.

3. கஞ்சி காய்ச்சுதல்

மரவள்ளிக்கிழங்கு மாவு அல்லது சோள மாவு, எது வீட்டில் இருக்கிறதோ அது. 1 மேசைக்கரண்டி மாவைக் கால் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். 1 கோப்பை தண்ணீர் கொதிக்கும்போது இதை ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளையாக இருந்த கலவை கண்ணாடிபோல் தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு சிறு கட்டி இருந்தாலும் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

மேசையில் விரிக்க இந்த அளவு போதும். மென்மையாக வேண்டுமானால் மாவைப் பாதியாகக் குறையுங்கள். கிண்ணமாகவோ நட்சத்திரமாகவோ நிமிர்ந்து நிற்கவேண்டுமானால் 2 மேசைக்கரண்டி.

வடிகஞ்சியும் ஆகும். பெரியம்மா அதைத்தான் போடுவார். சோற்றுக்கு உப்புப் போடுமுன் வடித்த கஞ்சியாக இருக்கவேண்டும், அன்றைக்கே பயன்படுத்தவேண்டும். புளித்த கஞ்சியின் வாடை துணியை விட்டுப் போகாது. வெள்ளை பளிச்சென்று தெரியவேண்டுமானால், கஞ்சியில் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரே ஒரு சொட்டுக் கலக்கலாம். இரண்டு சொட்டு வேண்டாம்.

சிலர் சர்க்கரைப்பாகு போடச் சொல்வார்கள். நன்றாக விறைக்கும், உண்மைதான். ஆனால் நம் ஊர் வெக்கையில் அது பிசுபிசுக்கும், எறும்பும் வரிசை கட்டிவிடும். வெள்ளைப் பசையைக் கரைத்துப் போடுவது அலங்காரத் தொங்கல்களுக்குச் சரி. ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் பின்னலுக்கு வேண்டாம். பசை காய்ந்தபின் அலசி எடுப்பது கடினம், நாளாக மஞ்சளாகவும் ஆகும். கஞ்சியைத் தண்ணீரில் கரைத்து எடுத்துவிடலாம். அதன் பெரிய நன்மையே அதுதான்.

4. குண்டூசி குத்துதல்

ஈரமான பின்னலைக் கஞ்சியில் முக்கி, எல்லா இழையிலும் ஏறும்படி அமுக்கி, மிகுதியைப் பிழிந்துவிடுங்கள். பலகையில் போட்டு, நடுவில் முதல் ஊசி. பிறகு மேலே ஒன்று, நேர்கீழே ஒன்று. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதன்பிறகு அவற்றுக்கு இடையில். எப்போதும் எதிரெதிராகவே குத்தவேண்டும். ஒரே திசையில் வட்டமாகக் குத்திக்கொண்டு போனால் கடைசியில் எல்லா இழுவையும் ஒரு பக்கம் சேர்ந்து, வட்டம் முட்டைபோல் ஆகிவிடும்.

ஊசியின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், அப்போதுதான் நூல் நழுவி மேலே ஏறாது. ஒவ்வோர் இதழ் நுனிக்கும் ஓர் ஊசி. 20 சென்டிமீட்டர் டோய்லிக்குக்கூட சில டஜன் ஊசிகள் தேவைப்படும். துருப்பிடிக்காத ஊசிதானா என்று பார்த்து வாங்குங்கள். நம் ஈரக்காற்றில் சாதாரணக் குண்டூசி ஓர் இரவிலேயே பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

துளைகளில் கஞ்சி படலமாக நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு மின்விசிறியின் கீழ் வைத்துவிட்டு, முழுதாகக் காயும்வரை தொடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பாதி ஈரத்தில் எடுத்தால் பழைய சுருளுக்கே திரும்பிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? பருத்தி இழைக்குள் இருக்கும் செல்லுலோஸ் சரங்கள் ஒன்றோடொன்று மெல்லிய பிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன. தண்ணீர் அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. காயும்போது இழை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்பு மறுபடி விழுகிறது. கசங்கிக் காய்ந்த சட்டை கசங்கியே இருப்பதும் இதனால்தான். கஞ்சியின் மாவு மேலே மெல்லிய தோல்போல் காய்ந்து, அந்த நிலையைப் பிடித்துவைக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை துவைத்தபிறகும் இந்த வேலையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

எடுத்துவைக்கும்போது கஞ்சி வேண்டாம்

பலர் கஞ்சி போட்டபடியே மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கஞ்சி, கரப்பான்பூச்சிக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. விறைத்த இழையை மடித்தால் மடிப்பிலேயே ஒடியவும் செய்யும். நீண்ட நாள் வைக்கவேண்டியதைக் கஞ்சி போக அலசி, நன்றாக உலர்த்தி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து உருளையாகச் சுருட்டிவையுங்கள். வெளியே எடுக்கும்போது மறுபடி கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

"பொழுதுபோக்குத்தானே?"

தீபாவளிச் சந்தையில் கைவேலைப் பொருள் விற்கும் ஓர் அக்காவிடம், ஒரு டோய்லிக்கு 15 வெள்ளி சொன்னதற்கே ஒருவர் பேரம் பேசுவதைப் பார்த்தேன். "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே?" என்றார் அவர். அக்கா 12-க்குக் கொடுத்துவிட்டார்.

கணக்குப் பார்ப்போம். 10-ஆம் எண் நூலில் 20 சென்டிமீட்டர் டோய்லி பின்ன எனக்கு 8 மணி நேரம் ஆகிறது. அலசி, குண்டூசி குத்துவது தனி. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 சென். 8 மணி நேரத்துக்கு 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. நூல் விலையை நான் சேர்க்கவே இல்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். இயந்திரத்தில் செய்யும் லேஸ் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கண்ணிகள் வேறு மாதிரி விழும். கையால் பின்னும் குரோஷேயை அப்படியே செய்து குவிக்கும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. எனவே கடையில் தொங்குவது உண்மையான குரோஷே என்றால், எங்கோ ஒரு பெண் ஊசி பிடித்துப் பின்னியதுதான். விலை குறைந்தது அவர் கூலியில்.

இது புதிய கதையும் அல்ல. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, குரோஷே லேஸ் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. ஆந்திராவின் நரசாபூரில் கிறிஸ்துவ மிஷனரிகள் தொடங்கிவைத்த குரோஷே லேஸ் தொழில் இன்றும் நடக்கிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் அந்தப் பெண்களைப்பற்றி எழுதிய நூல் வேறொரு பக்கத்தைக் காட்டியது. உலகச் சந்தைக்குப் பின்னிக்கொடுத்த அந்தப் பெண்களை யாரும் தொழிலாளர் என்று எண்ணவில்லை. வீட்டில் இருக்கும் மனைவிமார், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்றே கருதினார்கள். வேலைக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைப்பது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

அதனால் விற்பனைக்குப் பின்னும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டோய்லியைக் கசங்கலாக அடுக்கிவைத்து விற்காதீர்கள். கஞ்சி போட்டு, கறுப்பு அட்டைமேல் விரித்துவையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு சீட்டில் அளவையும் எத்தனை மணி நேர வேலை என்பதையும் எழுதுங்கள். 65 வெள்ளி உடனே கிடைக்காமல் போகலாம். ஆனால் 'சும்மா இருக்கிற நேரம்' என்று சொல்ல வாய் எழாது.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் போகலாம், தவறில்லை. பேரம் பேசுமுன் இதழ்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் வேலை எப்படியும் வரும். அலமாரியின் அடியில் பழுப்பேறிய நூல் உருண்டை ஏதாவது அகப்பட்டால், குப்பைப் பையில் போடுமுன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நனைத்து விரித்துப் பாருங்கள். பின்னியவர் வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை சங்கிலியில் தொடங்கினார், எங்கே கூட்டினார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம், அறுந்த இழையைத் தெரியாமல் சேர்க்கும் முறை.